ஜீப்பில் ஒரே ஒரு சீட்

"உங்களுக்கு பெலிக்ஸைத்தான் பிடிக்கும். அதை நேரா சொல்லிருங்க மாஸ்டர்" என்றான் துரைப்பாண்டி.

மாஸ்டர் அமுதினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்போக் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கோத்தகிரியில் மலை சைக்கிள் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அவள் பட்டறையைத்தான் கை காட்டுவார்கள். துரைப்பாண்டியைவிட வயதில் சின்னவள். அதெல்லாம் அவனுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை பெலிக்ஸ். இவனுக்குப் பிறகு வேலை பழக வந்து, இவனுக்கு முன்னால் பேர் வாங்கிவிட்டான்.

"நாளைக்குப் பந்தயத்துக்குப் போற ஜீப்ல மெக்கானிக்குக்கு ஒரே சீட். அதுல அவன்தான் போவான். எனக்குத் தெரியும்."

"ஆளுக்கு ஒரு சக்கரத்துல ட்யூப்லெஸ் டயர் போடுங்க" என்றாள் மாஸ்டர். "காலையில எதுல காத்து நிக்குதோ, அந்த ஆளு ஏறட்டும்."

"ரெண்டுலயும் நின்னா?"

"முதல்ல ஒண்ணுல நிக்கட்டும், துரை அண்ணா."

ட்யூப் இல்லாத டயரில் எல்லா வேலையும் உள்ளேதான். ரிம்மை நன்றாகத் துடைத்து, ஸ்போக் ஓட்டைகள் மூடும்படி டேப்பை இழுத்து ஒட்ட வேண்டும். வால்வு மாட்டி, டயர் ஏற்றி, உள்ளே 'வெள்ளைப் பால்' என்கிற பசைத் திரவம் கொஞ்சம் ஊற்ற வேண்டும். டயரில் முள் குத்தினால் அந்தப் பால் ஓடிப்போய் அடைத்துக்கொள்ளும்.

துரைப்பாண்டி டேப் ஒட்டினான். கை தன் ரிம்மில், கண் பெலிக்ஸ் ரிம்மில். எவ்வளவு இழுக்கிறான், எங்கே அழுத்துகிறான்.

"அண்ணே, டேப்பைப் பாத்து ஒட்டுங்க. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

"உன் வேலையப் பாருடா."

கம்ப்ரஸர் காற்று ஏறியதும் இரண்டு டயரும் டப் டப்பென்று ரிம்மில் உட்கார்ந்தன.

பெலிக்ஸ் தன் சக்கரத்தை ஒரு பக்கெட் மேல் படுக்கப் போட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் போட்டான்.

"என்னடா, தோசை சுடுறியா?"

"டயரோட ரெண்டு பக்கத்துக்கும் பால் போகணும்ல, அண்ணே."

மாஸ்டர் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அந்த ஒரு தலையாட்டலில் துரைப்பாண்டிக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் பெலிக்ஸ் டீ குடிக்கப் போனான். மாஸ்டரும் இல்லை.

துரைப்பாண்டி வெளியே போய் ஒரு எலுமிச்சை முள்ளை ஒடித்து வந்தான். பெலிக்ஸ் டயரின் பக்கவாட்டில் குத்தி உருவினான்.

புஸ்ஸென்று சத்தம் வந்தது. அது போதும். முள்ளை வீசிவிட்டு, நிற்காமல் வீட்டுக்குப் போனான். நன்றாகத் தூங்கினான்.

காலையில் பெலிக்ஸின் டயர் கல் மாதிரி இருந்தது. பக்கவாட்டில் காய்ந்துபோன ஒரு வெள்ளைப் பொட்டு.

துரைப்பாண்டியின் டயர் துவண்டு கிடந்தது.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. நான் செய்ததையே அவனும் செய்திருக்கிறான்.

"எவனோ கை வெச்சிருக்கான் மாஸ்டர்" என்றான், பெலிக்ஸைப் பார்த்துக்கொண்டே. "நல்லா இருந்த சக்கரம்."

"என்னையா சொல்றீங்க?" பெலிக்ஸின் முகம் சுண்டிப்போனது.

"யாரா இருந்தாலும் சரி. கெடுத்தவன ஜீப்ல ஏத்தக் கூடாது."

"ஏத்த மாட்டேன்" என்றாள் மாஸ்டர். "யாருன்னு கண்டுபிடிங்க. அதுவரைக்கும் ஜீப் நிக்கும்."

தண்ணீர்த் தொட்டியைக் காட்டிவிட்டு வெளியே போனாள்.

துரைப்பாண்டி காற்று அடித்தான். சக்கரத்தைத் தொட்டியில் முக்கிச் சுற்றினான். டயரில் ஒரு குமிழி இல்லை. இன்னொரு முறை சுற்றினான். விரலால் தடவினான். ஒரு ஓட்டைகூட இல்லை.

குமிழி ஸ்போக்கின் அடியிலிருந்து வந்தது.

டயரைக் கழற்றினான். ஒரு இடத்தில் டேப் ஒட்டாமல் எழும்பி நின்றது. உரித்தான்.

ரிம்மில் கறுப்பு கிரீஸ். துடைக்காமல் விட்ட கிரீஸ். அதன் நடுவில் அச்சுக் குத்தினாற்போல் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு.

அவன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். போன மழைக்காலத்தில் செயின் கிழித்த தழும்பு.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

மாஸ்டர் வந்து நின்றாள். பின்னால் பெலிக்ஸ். பையைத் தோளில் மாட்டவா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஆளு கிடைச்சாச்சா, துரை அண்ணா?"

துரைப்பாண்டி அவசரமாக அந்த ரேகையைக் கட்டைவிரலால் மறைத்தான். கொஞ்சம்கூட வெளியே தெரியவில்லை.

"கிடைச்சாச்சு" என்றான். "பெலிக்ஸ ஏறச் சொல்லுங்க மாஸ்டர்."