உறுமலை அடித்த கீதாரி

ராசாக்கள் குதிரையில் போக, மற்றவர்கள் நடந்தே போன காலத்தில், சோணைமுத்து என்றொரு கீதாரி இருந்தான். ஊர் ஊராக ஆட்டு மந்தையை ஓட்டிப்போய்க் கிடை போடுகிறவர்களுக்குத் தலைவன் அவன். அவனிடம் கரியன் என்றொரு நாய் இருந்தது. கரியன் உறுமினால் ஓநாய் அந்தத் திசைக்கே வராது. அதனால் அதன்மேல் அவனுக்கு உயிர்.

அவன் மகள் பூவாத்தாள் நடக்கப் பழகினாள். நடக்கப் பழகும் பிள்ளைக்குப் போகக் கூடாத இடம்தானே முதலில் கண்ணில் படும்? கரியன் கூழ் குடிக்கும் சட்டியை நோக்கித் தத்தித் தத்திப் போனாள். கரியன் உறுமியது. சோணைமுத்து கம்பை எடுத்து நாயை அடித்தான்.

மனைவி இருளாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"அடிக்காதீங்க. கிட்ட வராதேன்னு சொல்லுது, அவ்வளவுதான். அது திங்கிற எடத்த ஒரு படல் வச்சு மறைச்சிருவோம்."

"ஓநாயப் பாத்து உறுமட்டும். எம் புள்ளையப் பாத்து உறுமுறதா? அடியாத மாடு படியாது."

கிடாய் முட்டிவிடும் என்று இளங்குட்டிகளைப் படல் கட்டிப் பிரித்து வைக்கிறவன்தான் அவன். தான் பெற்ற குட்டிக்கு அது வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டாம் நாளும் பிள்ளை போனாள். கரியன் உறுமியது, அடி வாங்கியது. மூன்றாம் நாளும் போனாள். உறுமியது, அடி வாங்கியது.

நான்காம் நாள் பிள்ளை சட்டிக்குள் கையை விட்டாள். கரியன் உறுமவில்லை.

"பாத்தியா, படிஞ்சிருச்சு," என்று சோணைமுத்து சிரித்தான். சிரித்த வாயை அவன் மூடுவதற்குள் கரியன் பிள்ளையின் கன்னத்தைக் கவ்விவிட்டது.

அவன் கம்பை ஓங்கினான். இரத்தம் வழியும் பிள்ளையை மார்போடு அணைத்தபடி இருளாயி குறுக்கே நின்றாள்.

"மூணு தடவ சொல்லிச்சு. நீங்கதான் அத ஊமையாக்கினீங்க."

கம்பு கீழே இறங்கியது. அவனுக்கு அழுகை வந்தது.

பிள்ளை பிழைத்தாள், கன்னத்தில் தழும்பு நின்றது. படலும் வந்தது. ஆனால் கரியன் அதன்பிறகு பிள்ளையைப் பார்த்து உறுமவே இல்லை. அது எப்போது பொறுக்கும், எப்போது பாயும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அது கூழ் குடிக்கும் ஒவ்வொரு வேளையும், தன் கூழை ஆறவிட்டு, படலுக்கு இப்பால் சோணைமுத்துவே காவல் நின்றான்.

கேட்டீர்களா? எச்சரிக்கும் குரலை அடித்து அடக்கினால் ஆபத்து போகாது, எச்சரிக்கைதான் போய்விடும்.