காருக்குள் இருந்த புழு

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தண்டாயுதம் என்றொரு பெரிய பண்ணைக்காரர். புதுக் கார் வாங்கிய கையோடு கத்தரித் தோட்டத்துக்கு வந்து ஒரு காயைப் பிட்டுப் பார்த்தார். உள்ளே புழு கொழுகொழுவென்று நெளிந்தது. வந்ததே கோபம்!

மருந்தடிக்கும் செவந்தியைக் கூப்பிட்டார். "மேல பட்டதும் புழு சுருண்டு விழும்னுதானே கடைக்காரன் இந்த மருந்தைக் கொடுத்தான்? நீ அளவைக் குறைச்சு ஏமாத்திட்ட! இல்லேன்னா நிரூபிச்சுக் காட்டு. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

செவந்தி பதறவில்லை. "ஐயா, காருக்குள்ள உக்காந்து கண்ணாடியை ஏத்திக்குங்க. நான் வெளியே நின்னு தண்ணி ஊத்துறேன். நீங்க நனைஞ்சா நான் ஏமாத்துக்காரி."

உட்கார்ந்தார். அவள் வாய்க்காலில் மொண்டு மூன்று வாளி வீசி ஊற்றினாள். தண்டாயுதம் கண்ணாடியை இறக்கி, "என்மேல ஒரு சொட்டுகூடப் படலையே!" என்றார் பெருமையாக.

"காய்க்குள்ள இருந்த புழு மேலயும் படலைங்க. முட்டை பொரிஞ்சதும் புழு வெளியே இருக்கும், அப்பவே அடிச்சிரலாம்னு ஓடி வந்து சொன்னேன். கார் எடுத்துட்டு வந்து பாத்துக்கலாம்னு சொன்னது நீங்கதான்."

தண்டாயுதம் கார்க் கதவைத் திறந்தார். இறங்கியவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். காரில் பட்டுத் தெறித்த தண்ணீரில் தொப்பலாக நனைந்து நின்றாள்.

"அன்னைக்கு மருந்தும் இப்படித்தான் உன்மேல தெறிச்சுதாம்மா?"

"புழுதாங்க தப்பிச்சுது" என்று சிரித்தாள் செவந்தி.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அடுத்த முறை கடைக்குப் போனவர், மருந்துக்கு முன்னால் கையுறை கேட்டார்.