இரண்டு இலாகாவும் ஒரு மோட்டாரும்

வேலங்குறிச்சி ஜனங்கள் குடிதண்ணீருக்கு மூன்று மைல் நடந்தார்கள். அவர்கள் ஜெயிக்கவைத்து அனுப்பிய பேச்சியம்மாள் சட்டசபையில் கடைசி வரிசை. சுயேச்சை வேறு, அவருக்காக மேஜையைத் தட்ட ஓர் ஆள் கிடையாது.

கேள்வி நேரத்தில் எழுந்து, "எங்க ஊர்த் தண்ணித் தொட்டி எப்பய்யா நிறையும்?" என்று கேட்டார்.

குடிநீர், மின்சாரம் என்று இரண்டு இலாகாவையும் கையில் வைத்திருந்த அமைச்சர் வெள்ளியங்கிரி, அதிகாரிகள் எழுதிக் கொடுத்த தாளை அப்படியே வாசித்தார்: "அங்கே மின்மோட்டார் ஆறு மாதமாகத் தினமும் ஓடுகிறது."

"ஓடலைங்கய்யா. போட்டோ கொண்டாந்திருக்கேன்."

"போட்டோவெல்லாம் இங்கே செல்லாது அம்மா! அவைக்குறிப்பில் இருந்தால் காட்டுங்கள்!"

ஆளுங்கட்சி வரிசை மேஜையைத் தட்டித் தீர்த்தது. சத்தம் அடங்கும்வரை பேச்சியம்மாள் பொறுமையாக நின்றார்.

"இருக்குங்கய்யா. போன செவ்வாய்க்கிழமை நான் கேட்டதுக்கு, எங்க ஊருக்கு இன்னும் கரண்டுக் கம்பியே இழுக்கலைன்னு மின்சார அமைச்சர் பதில் சொல்லியிருக்கார். கரண்டே இல்லாம மோட்டார் ஓட்டுற குடிநீர் அமைச்சரைப் பாராட்டுறதா, மின்சார அமைச்சரை நம்புறதா? ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு பதிலாச் சொல்லுங்க."

சபாநாயகரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அமைச்சர் தாளை மடித்தார். "ஒரு வாரத்தில் கம்பி இழுத்து மோட்டார் ஓட்டப்படும்" என்று முணுமுணுத்தார்.

"சபாநாயகரய்யா, ரெண்டு அமைச்சரும் சொன்னதாவே குறிப்பில் ஏத்திக்கச் சொல்லுங்க" என்றார் பேச்சியம்மாள். "ஒருத்தர் மறந்தாலும் இன்னொருத்தர் ஞாபகப்படுத்துவார்."