புதுக் காரின் முதல் கீறல்

ரைஸ்மில் முதலாளி குப்புராஜை டிரைவர் வேலாண்டி கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். “அன்னிக்கே என் உயிரை எடுத்தவன்டா நீ” என்று சிரித்தார் அவர்.

அவர் சொன்னது புதுக் காருக்குப் பூஜை போட்ட நாளை. பெயிண்டைக் காப்பாற்ற மெழுகு பூசுவதா, கோட்டிங் போடுவதா என்று குழம்பிய முதலாளி, “நீயே ஒரு வழி பண்ணு. ஊர்க்கண்ணு பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் உனக்கு வேலை கிடையாது” என்றார்.

வேலாண்டி சாவியை எடுத்துப் பின்கதவில் சரக்கென்று ஒரு கோடு கிழித்தான்.

“அடப்பாவி!” முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு படக்கூடாதுன்னு பேரன் கன்னத்துல நீங்கதானே மை வச்சீங்க, முதலாளி? கார்ல மை நிக்காதே!”

பூஜைக்கு வந்த ஐயரே தலையாட்டினார். முதலாளி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “வண்டியை எடுடா” என்றார்.

அந்தக் காரை இன்றும் வேலாண்டிதான் ஓட்டுகிறான்.