குழாயடி வரிசையில் எத்தனை பேர்

"டீச்சர், நாலாயிரம் படம் பார்த்தாச்சு. என் அப்பா எதுலயும் இல்லை."

பாக்கியநாதன் நின்றபடியே சொன்னார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

நகரத்தின் பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகம் அது. அதைப் பார்த்துக்கொள்பவர் மெகருன்னிஸா. பழைய படங்களை எப்படிப் பார்ப்பது என்று சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுப்பார். கற்றுக்கொள்ள வருபவர்களில் பாக்கியநாதன்தான் மூத்தவர். டீச்சரைவிடவே பதினைந்து வயது கூட.

"என்னென்ன படம் பார்த்தீங்க?"

"சந்தை, டிராம், தேர், துறைமுகம், பள்ளிக்கூட வாசல். எல்லாம்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"அப்பா இல்லை."

அப்பா வியாகுலம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கல்யாணமான எட்டாம் மாதம் சரக்குப் பெட்டி மேலே விழுந்து இறந்துபோனார். பாக்கியநாதன் அப்போது வயிற்றில். வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அவரு முகம் மறந்துபோச்சுடா. பார்த்தா தெரிஞ்சிடும்."

அவள் கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் சுத்தமாகத் தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று தொடங்கிய ஓட்டம். வாரம் தவறாமல், ஆண்கள் இருக்கும் படங்களாகப் பொறுக்கி, பத்துப் பதினைந்து பிரதிகளை வீட்டுக்கு எடுத்துப்போவார். அம்மா பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். தலையை ஆட்டுவாள். அவர் அடுத்ததை நீட்டுவார்.

மெகருன்னிஸா எழுந்துபோய் ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

பாக்கியநாதன் ஒரு பார்வை பார்த்தார்.

"இது போன மாசமே பார்த்தது. எங்க தெருக் குழாயடி. ஆம்பளையே இல்லை."

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 'குழாயடி, 1957. பெண்கள் மூன்று. இல்லை' என்று எழுதியிருந்தது.

"வரிசையில எத்தனை பேர்?" என்று கேட்டார் மெகருன்னிஸா.

"மூணு."

"சரியா எண்ணுங்க சார்."

"டீச்சர், முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர் நான். தலை எண்ணுறதுல செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட என்னைக் குறை சொன்னதில்லை."

"உட்கார்ந்து எண்ணுங்க."

உட்கார்ந்தார். எண்ணினார். எழுந்துவிட்டார்.

"மூணு."

"அடுத்த வாரம் வாங்க."

"புதுசா வந்த படப் பெட்டியைப் பார்க்க வேண்டாமா?"

"உங்களுக்கு இப்போ இந்தப் படம்தான்."

அடுத்த சனிக்கிழமை கதவைத் திறந்ததுமே நேராக மேசைக்கு வந்தார்.

"மூணு பேர். ஒரு நாய்."

"நாயைப் போன வாரம் சொல்லலையே."

"நாய் வரிசையில நிக்குமா டீச்சர்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். மெகருன்னிஸாவும் சிரித்தார்.

"சரி, வேற யாரு நிக்கிறாங்க?"

பாக்கியநாதன் சிரிக்கவில்லை.

"எங்க அம்மாவுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. இங்க எனக்கு விடுகதை போடுறீங்க."

"நீங்க படம் பார்க்கலை சார்," என்றார் மெகருன்னிஸா. "டிக்கெட் எடுக்காத ஆளைத் தேடிக்கிட்டிருக்கீங்க."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மெகருன்னிஸா படத்தின் பிரதியை ஓர் உறையில் போட்டு வாசல்வரை வந்து கொடுத்தார்.

"அம்மாகிட்ட காட்டுங்க. அப்பாவைப் பத்திக் கேட்காதீங்க. வரிசையில எத்தனை பேர்னு மட்டும் கேளுங்க."

கிழித்துப் போட்டுவிடலாம் என்று பஸ்ஸில் இரண்டு முறை நினைத்தார். கிழிக்கவில்லை.

அம்மா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படத்தை அவள் மடியில் வைத்தார்.

"இதுல வரிசையில எத்தனை பேரு, சொல்லு."

"இன்னாடா, பரீட்சையா?"

"சொல்லும்மா."

அம்மா பூதக்கண்ணாடியை எடுத்தாள். மூக்கு படத்தில் படுகிற அளவுக்குக் குனிந்தாள். உதடு அசைந்தது.

"பத்தொம்பது."

"பத்தொம்பதா? மூணு பேர்தானே நிக்கிறாங்க?"

"நிக்கிறவங்க மூணு பேரு. மத்தவங்க வெச்சிட்டுப் போயிருக்காங்க." விரல் நகர்ந்தது. "இந்த நசுங்கின குண்டான் லூர்து அக்காது. இந்தக் கூடை கம்பவுண்டர் வீடு. செங்கல் கோவிந்தம்மா. குடத்தை வெச்சா திருடிடுவாங்கன்னு பயம் அவளுக்கு. இந்த ரெண்டு கல்லும் ஒரே ஆளு, செபஸ்தி. கள்ளி அவ, ரெண்டு இடம் பிடிப்பா. அப்போ பதினெட்டுதான்."

பாக்கியநாதன் பார்த்தார். குழாயிலிருந்து தெருக்கோடி வரைக்கும் குடம், செங்கல், கூடை, உடைந்த சட்டி. அரைக்கால் சட்டையோடு விடியுமுன் ஓடிப்போய் அவரே எத்தனையோ நாள் கல் வைத்திருக்கிறார். யாராவது அதை நகர்த்தினால் அடிதடி.

அம்மாவின் விரல் நின்றுவிட்டது.

ஏழாவது இடம். அங்கே குடம் இல்லை. தரையில் ஒரு வளையம் மட்டும் கிடந்தது. குடத்தை உட்காரவைக்கிற பிரிமணை. மற்ற வீடுகளில் அதை வைக்கோலில் முறுக்குவார்கள். இது ஆள் கை பருமன் இருந்தது.

"கப்பல் கயிறு," என்றாள் அம்மா.

அவர் படத்தின் பக்கம் குனிந்தார்.

"அவரு முறுக்கினது. நீ வயித்துல இருந்தே. நான் வரிசையில நிக்கக் கூடாதுன்னு வேலைக்குப் போறப்போ இதை வெச்சிட்டுப் போவாரு. தண்ணி வந்தப்புறம் நான் குடத்தோட போனா போதும்."

பாக்கியநாதன் பூதக்கண்ணாடியை வாங்கி அந்த வளையத்தைச் சுற்றித் தேடினார். சுவர் ஓரம், படத்தின் விளிம்பு, கதவு மறைவு, நாய்க்குப் பின்னால். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

"முகம் இல்லையேம்மா."

"முகத்தை எங்கடா பார்த்தேன் நான்? முழிக்கிறதுக்குள்ள போயிடுவாரு. வெளக்கை அணைச்சப்புறம் வருவாரு."

அவள் விரலைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

"தினம் காலையில நான் பார்த்தது இதைத்தான்."