மூன்றாவது பல்பு

"வரவர இருட்டு கெட்டியாகுதப்பா, ஊரே..." என்று அப்பா போனில் ஏதோ சொல்வார்.

‘ஊரே’வுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பது மோகனசுந்தரத்துக்கு ஞாபகம் இல்லை. அவன் அப்போது வெளிநாட்டில் இருந்தான். லைன் பாதி கேட்கும், பாதி கேட்காது.

இப்போது அப்பா இல்லை. அவன் திரும்பி வந்துவிட்டான். வந்த கையோடு காயலாங்கடையில் கிடந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றி, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தான்.

இன்ஜின் முடிந்து ஓடத் தொடங்கிவிட்டது. பிரேக் முடிந்தது. ஹெட்லைட் மட்டும் மசியவில்லை.

"வெளிச்சம் பத்தலீங்க, டீச்சர்."

தெய்வானை டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக்கில் வண்டி ஒயரிங் சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, உடுமலையில் மூடிப்போன ஒரு எண்ணெய் மில்லின் பின்பக்கக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தன் வண்டியைத் தானே கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இடம் கொடுத்தார். அவனைவிட இரண்டொரு வயது பெரியவர்.

அங்கே ஒரு வழக்கம். டீச்சர் யார் வண்டியையும் தொடமாட்டார். பழுது எங்கே என்றும் சொல்லமாட்டார்.

"பழுதைத் தேடாதீங்க. நல்லா இருக்கறதை ஒண்ணொண்ணா தள்ளி வெச்சுட்டே வாங்க. தள்ள முடியாம ஒண்ணு நிக்கும்" என்பார். அதற்குமேல் கேட்டால் முறுக்கு டப்பாவை நீட்டுவார்.

"இன்னிக்கு எனக்கு முறுக்கு வேண்டாங்க" என்றான் அவன். "பதில் வேணும்."

"அவ்வளவு அவசரமா?"

அவசரம்தான். போன வாரம் இருட்டிய பிறகு வாய்க்கால் ரோட்டில் இந்த வண்டியை ஒரு ஆட்டுக்குட்டி மேல் ஏற்றிவிட்டான். பின்னால் மகள் மித்ரா உட்கார்ந்திருந்தாள். பேட்மின்டன் பயிற்சி முடிந்து தினமும் அவளை அவன்தான் கூட்டி வருவான். "அப்பா, ஆடு, ஆடு!" என்று அவள் கத்தினாள். கத்திய பிறகும் அவனுக்கு ஆடு தெரியவில்லை. சக்கரத்தில் தட்டியபோதுதான் தெரிந்தது.

வீடு வரும்வரை ஹெட்லைட்டைத் திட்டிக்கொண்டே வந்தான்.

"சரி, தள்ளுங்க" என்றார் டீச்சர். "பேட்டரி?"

"புதுசு. ஆறு வோல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு பன்னெண்டு வோல்ட்டா மாத்தியாச்சு."

"பல்புகிட்ட எவ்வளவு வருது?"

"பேட்டரியில இருக்கறது அப்படியே வருதுங்க. மீட்டர்ல பார்த்துட்டேன்."

"சுவிட்சு?"

"பிரிச்சு சுத்தம் பண்ணிட்டேன்."

"எர்த்து?"

"புது பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிய வெச்சு முறுக்கியிருக்கேன். போன மாசம் இதுக்குத்தானே அந்தத் திட்டு திட்டுனீங்க."

"திட்டுனா வேலை நடக்குது பாருங்க. பல்பு?"

"இது மூணாவது பல்பு."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். மேற்கே மேகம் கட்டியிருந்தது. பொழுது சீக்கிரமே இறங்கிக்கொண்டிருந்தது.

"என் வண்டி ஹெட்லைட் டூமை அப்படியே கழட்டி உங்களதுல மாட்டுங்க. பல்போட."

கழற்றினான். மாட்டினான். நுணுக்கமான வேலையில் அவனை அடித்துக்கொள்ள அந்தக் கொட்டகையில் ஆள் இல்லை. வாசலோரம் மிச்சமிருந்த வெளிச்சத்தில், கண்ணாடி போடாமலே தலைமுடி போன்ற ஒயர்களை முறுக்கிச் சேர்த்தான். பிறகு வண்டியைக் காம்பவுண்டுக்குள் உருட்டிப் போய், தூரத்துச் சுவரைப் பார்க்க நிறுத்தி, உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினான்.

"என்ன தெரியுது?" என்று பக்கத்தில் நின்று கேட்டார் டீச்சர்.

"மங்கலா ஒரு வட்டம்."

"வட்டத்துக்கு வெளியே?"

"ஒண்ணுமில்ல." பெருமூச்சு விட்டான். "உங்களதும் இதே லட்சணந்தானுங்க. நீங்க முதல்ல இதைச் சரி பண்ணுங்க."

டீச்சர் சிரிக்கவில்லை.

"நேத்து ராத்திரி பொள்ளாச்சியிலிருந்து மழையில இந்த லைட்டோடதான் வந்தேன்" என்றார்.

அவன் குனிந்து, ஒயர் சேரும் கப்ளரை அழுத்திப் பார்த்தான். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது.

"இன்னும் எதைத் தள்ளலை?"

"வண்டியில இருக்கறது எல்லாத்தையும் தள்ளியாச்சு டீச்சர்."

"வண்டியில எல்லாம் தள்ளியாச்சு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார் அவர்.

பிறகு, "எறங்குங்க" என்றார்.

அவன் இறங்கினான். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் இன்னொருவர் வண்டியில் கை வைத்து அவன் பார்த்ததில்லை.

"சுவத்துல ‘குப்பை கொட்டாதீர்'னு எழுதியிருக்கு" என்றார். "கீழே குப்பை. இந்தப் பக்கம் ஒரு கிழிஞ்ச சாக்கு. சாக்கு மேல பூனை. வாலைச் சுருட்டிட்டு நம்மளத்தான் பார்க்குது."

"எந்தப் பூனை?"

"சாம்பல் பூனை."

"விளையாடாதீங்க டீச்சர்."

அவர் கையால் சுவரைக் காட்டினார். போய்ப் பார் என்பது போல.

அவன் ஓரமாக நடந்தான். தெரியாமல் ஒரு தகர டப்பாவை உதைத்தான். அது உருண்ட சத்தத்தில், மெத்தென்று ஏதோ ஒன்று அவன் கணுக்காலை உரசிக்கொண்டு ஓடியது. ஓடியது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"வயசாகுதில்லைங்களா. கண்ணாடி ஒண்ணு வாங்கணும். அவ்வளவுதான்."

டீச்சர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அந்த நாட்டுல என்ன ஓட்டிட்டு இருந்தீங்க?"

"கார்தான்."

"ராத்திரியிலயும்?"

அவன் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஹேண்டில்பாரைத் துடைத்தான்.

"ராத்திரியில எங்க வீட்டுக்காரிதான் ஓட்டுவா. ரெண்டு மூணு வருஷமா."

"ஏன்?"

"அங்கே ரோட்டு விளக்கு சரியில்லைங்க."

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அங்கேயுமா?"

வரவர இருட்டு கெட்டியாகுதப்பா என்று அப்பா போனில் சொன்னது அவன் காதில் கேட்டது.

தூறல் விழத் தொடங்கியது. ஹெட்லைட் எரிந்துகொண்டே இருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மித்ரா.

"அப்பா, முடிஞ்சுது. எல்லாரும் போயிட்டாங்க. நான் கேட் வாசல்ல நிக்கறேன். கிளம்பிட்டீங்களா?"

அவன் தூரத்துச் சுவரைப் பார்த்தான்.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குது கண்ணு."

"லைட்டு இன்னும் ரிப்பேராத்தான் இருக்கா?"

"இல்ல" என்றான். "லைட்டு நல்லா இருக்கு."

"அப்ப சீக்கிரம் வாங்க. மழை வருது."

"வாட்ச்மேன் தாத்தாகிட்ட உள்ளே உட்கார்ந்திரு. நான் பஸ்ஸுல வர்றேன்."

"எதுக்கு பஸ்ஸு? அதான் லைட்டு நல்லா இருக்குன்னீங்களே!"

"வந்து சொல்றேன்."

போனை வைத்தான். டீச்சர் இறங்கி நின்றுகொண்டிருந்தார். அவன் சுவிட்சை அணைத்து, சாவியை உருவி, அவர் கையில் கொடுத்தான். பிறகு மில் சுவரைத் தொட்டுக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.