சடைச்சியின் புதுச் செருப்பு

நெருஞ்சி முள் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், பிராணிகளெல்லாம் செருப்புப் போட்டுத்தான் நடமாடின. நாரால் செருப்பு முடைந்து கொடுத்தது ஒரு தூக்கணாங்குருவி.

அங்கே காத்தாயி என்று ஒரு கரடி இருந்தது. புதிதாக எது கைக்கு வந்தாலும் பொத்திப் பொத்தி வைக்கும் குணம் அதற்கு. தன் குட்டி சடைச்சிக்காகச் செருப்புக் கேட்டு வந்தபோது, குருவி விரல் விரலாக அளவெடுத்து முடைந்து கொடுத்தது.

"இன்னைக்கே போட்டுவிடு, காத்தாயி. வளர்ற கால்" என்றது குருவி.

"நல்லா இருக்கே! புதுச் செருப்பைச் சேத்துல போட்டு மிதிக்கவா? தேன் திருவிழா வரட்டும்."

கரடி அதைக் குகைச் சுவரில் உயரமாக மாட்டி வைத்தது. சடைச்சி வெறுங்காலோடு குகைக்குள்ளேயே விளையாடியது. மழைக்காலம் போயிற்று. பனிக்காலமும் போயிற்று.

திருவிழா அன்று செருப்புக்குள் கால் நுழையவில்லை. காத்தாயி தேனைத் தடவி ஒரே திணியாகத் திணித்தது.

"அம்மா, கடிக்குதும்மா!"

"புதுச் செருப்புன்னா கடிக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும்."

குருவி அதைப் பார்த்துவிட்டுப் பதறியது. "விரலெல்லாம் மடங்கிக் கிடக்கே! கழட்டு. வேற முடைஞ்சு தர்றேன்."

"ஒருநாள்கூடப் போடாததைத் தூக்கி எறியவா? நல்ல கதை!"

சடைச்சி பத்து நாள் அழுதது. அப்புறம் நொண்டியது. அடுத்த மழை தொடங்குவதற்குள் முனகலும் நின்றுவிட்டது. "பார்த்தியா, செருப்பு இளகிடுச்சு" என்று காத்தாயிக்கு ஒரே பெருமை.

ஒருநாள் செந்நாய்க் கூட்டம் காட்டுக்குள் பாய்ந்து வந்தது.

"மரத்துல ஏறுடி!" என்று அலறியது காத்தாயி.

சடைச்சி வேங்கை மரத்தைக் கட்டிப் பிடித்தது. சறுக்கி விழுந்தது. காத்தாயி செருப்பைக் கடித்துப் பிய்த்து எறிந்தது. மறுபடியும் ஏறப் பார்த்தது குட்டி, மறுபடியும் விழுந்தது. காத்தாயி குட்டியை முதுகில் போட்டுக்கொண்டு ஏறியது. ஒரு நாய் எட்டிக் கவ்வியதில் காத்தாயியின் தொடையில் கொஞ்சம் சதை போயிற்று.

கிளையில் உட்கார்ந்து குட்டியின் காலைப் பார்த்தது. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நீவிப் பார்த்தது. நிமிரவில்லை.

"ஐயோ, என் கண்ணே! ஏன்டி சொல்லல?"

"சொன்னேனேம்மா. சரியாயிடும்னு நீதான் சொன்னே. அப்புறம் கால் மரத்துப் போச்சு."

காத்தாயி மறுபடியும் அந்த விரல்களை நீவத் தொடங்கியது.

அன்றிலிருந்து எந்த மரத்தில் ஏறினாலும், அது குட்டியை முதுகில் சுமந்துகொண்டே ஏறியது. குட்டியோ நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது.

நீதி: வளரும் கால் செருப்புக்காகக் காத்திருக்காது, பிள்ளை 'கடிக்கிறது' என்றால், அன்றைக்கே கழற்றிவிடு.